மண்டபம் கரையின் வரைபடக் கூடம்: மெய்நிகர் லினக்ஸ் மேசைத்தளங்களுக்கு வன்பொருள் வரைகலை முடுக்கம் – ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபத்துக்கும் வேதாளைக்கும் இடையே, மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஒரு கட்டடத்தில், மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்குக் கடலோர வரைபடப் பயிற்சி அளிக்கும் சிறு கூடம் ஒன்று இயங்குகிறது. பன்னிரண்டு இருக்கைகள், அவற்றுக்கெல்லாம் சேர்த்து உள்ளறையில் ஒரே ஒரு சர்வர். மாணவர்கள் பயன்படுத்தும் லினக்ஸ் மேசைத்தளங்கள் அனைத்தும் அந்தச் சர்வரில் கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) மெய்நிகர் கணினிகளாக ஓடுகின்றன. மேசைமேல் இருப்பவை விசிறி இல்லாத சிறு பெட்டிகளும் திரைகளும் மட்டுமே. அந்த மேசைத்தளங்களில் முப்பரிமாணக் காட்சி நகர மறுத்ததற்கான காரணங்களை எப்படிப் பிரித்துக் கண்டோம் என்பதையும், வரைதலைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் வன்பொருள் முடுக்கம் அவற்றில் எதைத் தீர்த்தது, எதைத் தொடவே இல்லை என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது.

கூடம் இப்படி அமைந்ததற்குக் கடற்கரையே காரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கரையிலிருந்து வரும் உப்புக்காற்றை, விசிறி வைத்த எந்தக் கணினியும் தானே உள்ளிழுத்து மதர்போர்டின் மேல் படியவைத்துக் கொள்கிறது. இருக்கைக்கு ஒரு முழுக் கணினி இருந்த காலத்தில் ராம் செருகிகளும் பவர் சப்ளைகளும் அடிக்கடி பழுதாயின. ஆகவே கணிக்கும் வேலை முழுவதையும் குளிரூட்டப்பட்ட மூடிய அறைக்குள் கொண்டுபோய், வெளியே காற்றை இழுக்காத பெட்டிகளை மட்டும் வைப்பது என்று நிர்வாகிகள் முடிவெடுத்தனர். மின்தடை வரும்போது யுபிஎஸ் ஒரு சர்வரைத் தாங்கினால் போதும் என்பது அடுத்த நியாயம். இவை இரண்டும் சரியான நியாயங்கள் என்றே நானும் கருதுகிறேன். எனவே குறையைத் தீர்க்க மெய்நிகர் அமைப்பையே கைவிட வேண்டும் என்று எழுந்த யோசனையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டோம்.

குறை வெளிப்பட்ட பாடம் கடலடித் தரை பற்றியது. உலகக் கடல் ஆழத் தரவான ஜெப்கோவின் 15 கோண வினாடிக் கட்டத்தை, அதாவது இந்த அட்சரேகையில் ஏறத்தாழ 460 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவிலான தரவை, க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளின் முப்பரிமாணக் காட்சியில் ஏற்றி, வடக்கே பாக் விரிகுடாவையும் தெற்கே மன்னார் வளைகுடாவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது. தெற்கேயோ தரை ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. உயர அளவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டினால்தான் வடபகுதியின் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியும். பெருக்கிய தரையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே பாடம் என்னும்போது, திருப்பினால் நின்றுவிடும் காட்சியை வைத்துக்கொண்டு அப்பாடத்தை நடத்த முடியாது. பாம்பனிலிருந்து வரும் மாணவர் ஒருவர் பயிற்சியாளரிடம் சொன்ன வாக்கியம் குறையைத் துல்லியமாகவே விவரித்தது: “அண்ணே, மேப்பை லேசாத் திருப்புனாலே கடல் நின்னு நின்னு வருது. கையை எடுத்தப்புறந்தான் மிச்சம் திரும்புது.”

கையை எடுத்த பிறகு மிச்சம் திரும்புகிறது என்பது முக்கியமான தடயம். சுட்டியின் அசைவுகள் மெய்நிகர் கணினிக்கு உடனுக்குடன் போய்ச் சேருகின்றன. வரைதல்தான் பின்தங்கி வரிசையில் நிற்கிறது. அப்படியானால் வரைவது யார் என்பதே முதல் கேள்வி.

வரைந்தது யார்

லினக்ஸில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவி ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ. லினக்ஸின் வரைகலை நூலகமான மெசாவின் கருவித் தொகுப்புடன் வரும் இந்தக் கட்டளையைச் சுருக்க வடிவில் இயக்கினால், ஓப்பன்ஜிஎல் (முப்பரிமாணம் வரைய நிரல்கள் பயன்படுத்தும் பொது இடைமுகம்) வரைதலைச் செய்வது எது என்பதை ஒரே வரியில் காட்டிவிடும். மாணவர்களின் மேசைத்தளங்களில் அந்த வரி எல்எல்விஎம்பைப் என்று காட்டியது. எல்எல்விஎம்பைப் என்பது மெசாவின் மென்பொருள் வரைவி. கிராஃபிக்ஸ் கார்டு கிடைக்காதபோது, முக்கோணங்களை நிரப்புவது முதல் நிறங்களைக் கலப்பது வரை அனைத்தையும் மையச் செயலியின் கோர்களிலேயே செய்துமுடிக்கும் ஏற்பாடு. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எந்த இயந்திரத்திலும் திரை வராமல் போகாதபடி காப்பது அதுதான். ஆனால் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகள் ஒரே நேரத்தில் தத்தம் மெய்நிகர் கோர்கள் அனைத்தையும் வரைதலுக்காகக் கேட்கும்போது, அவற்றுக்கு அடியில் இருக்கும் உண்மையான கோர்கள் அத்தனைக்கும் ஈடுகொடுக்க முடியாது.

இத்தனைக்கும் சர்வரில் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தது. போலாரிஸ் தலைமுறையைச் சேர்ந்த, 8 ஜிபி நினைவகம் கொண்ட ராடியான் புரோ கார்டு ஒன்று, சர்வர் நிறுவப்பட்ட பின்னர் வாங்கிப் பொருத்தப்பட்டிருந்தது. பிசிஐ சாதனப் பட்டியலிலும் அதன் பெயர் ஒழுங்காகத் தெரிந்தது. இல்லாதது ரெண்டர் கணு. லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு கிராஃபிக்ஸ் சாதனத்துக்கும் திரையை ஆளும் கணு (சாதனக் கோப்பு) ஒன்றையும், அதற்கு வரையும் திறன் இருந்தால், திரையோடு தொடர்பில்லாமல் வரைதலுக்கு மட்டுமான ரெண்டர் கணு ஒன்றையும் டிஆர்ஐ கோப்புறையில் உருவாக்கும். முதல் ரெண்டர் கணுவுக்கு 128 என்ற எண் வரும். இந்தச் சர்வரின் கோப்புறையில் இருந்தது ஒரே ஒரு திரைக் கணு. அதுவும் மதர்போர்டில் தொலை நிர்வாகத்துக்காக இருக்கும் ஆஸ்பீட் சில்லுக்கு உரியது. அந்தச் சில்லுக்கு முப்பரிமாண வரைதல் திறன் கிடையாது.

காரணம் கர்னல் பதிவில் வெளிப்படையாக இருந்தது. ஏஎம்டிஜிபியு இயக்கி கார்டைக் கண்டுகொண்டு, கார்டுக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகளைத் தேடி, கிடைக்காததால் தொடங்குவதையே கைவிட்டிருந்தது. சர்வரில் இருப்பது டெபியன் 12 என்னும் லினக்ஸ் வெளியீடு. அந்தப் பதிப்பின் நிறுவி, நிறுவும் நேரத்தில் கண்ணில் படும் வன்பொருளுக்கு வேண்டிய ஃபர்ம்வேரைத் தானாகச் சேர்த்துவிடும். பின்னர் பொருத்தப்படும் கார்டுக்கு அப்படி நடக்காது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12-இல் ஃபர்ம்வேர் தொகுப்புகள் தனிப் பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்டன என்பதால், அந்தப் பிரிவு மென்பொருள் மூலப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. தொகுப்பை நிறுவி, சர்வரை மறுபடி தொடக்கியதும் ரெண்டர் கணு தோன்றியது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான க்யூஎமு இயங்கும் பயனர் கணக்கு அந்தக் கணுவைத் திறக்கும் உரிமையுடன் இருப்பதையும், க்யூஎமுவின் ஓப்பன்ஜிஎல் பகுதிகள் அடங்கிய துணைத் தொகுப்பு நிறுவப்பட்டிருப்பதையும் அப்போதே உறுதிசெய்துகொண்டோம். இந்தத் துணைத் தொகுப்பு பரிந்துரை என்ற அளவிலேயே வருவதால், சிக்கனமாக நிறுவிய சர்வர்களில் விடுபட்டுப்போவது உண்டு.

ஒரு கார்டு, பன்னிரண்டு பேர்

ஒரே கார்டைப் பலருக்குப் பகிர்வதற்கு வழிகள் பல உண்டு. கார்டு முழுவதையும் ஒரு மெய்நிகர் கணினியிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ முறை வேகத்தில் இணையற்றது. ஆனால் அதனால் பயனடைவது ஓர் இருக்கை மட்டும். இன்டெலின் ஜிவிடி-ஜி பகிர்வு, ஐந்தாம் தலைமுறையிலிருந்து பத்தாம் தலைமுறை வரையிலான அந்நிறுவனச் செயலிகளின் உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு உரியது. என்விடியாவின் மெய்நிகர் ஜிபியு முறைக்கு அதற்கென்றே தயாரான கார்டும் உரிமக் கட்டணமும் வேண்டும்; நன்கொடையில் நடக்கும் கூடத்துக்கு அது பொருந்தாது.

மிஞ்சியது, மெய்நிகர் கணினிக்குக் கிராஃபிக்ஸ் கார்டாகக் காட்டப்படும் மெய்நிகர் சாதனமான விர்ட்டியோ ஜிபியுவும் அதன்மேல் இயங்கும் விர்ஜிஎல் முறையும். 2015 இறுதியில் வெளிவந்த க்யூஎமு 2.5 முதல் இது கிடைக்கிறது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் மெசா, நிரலிடமிருந்து வரும் ஓப்பன்ஜிஎல் அழைப்புகளை இடைநிலைக் கட்டளைகளாக மாற்றி விர்ட்டியோ வரிசையில் போடுகிறது. வெளியே க்யூஎமுவுடன் இணைந்த விர்ஜிஎல்ரெண்டரர் என்னும் நூலகம் அவற்றை எடுத்து, மறுபடி ஓப்பன்ஜிஎல் அழைப்புகளாக்கி, சர்வரின் மெசா வழியாக உண்மையான கார்டிடம் கொடுக்கிறது. சர்வரின் பார்வையில் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளும் ஒரே கார்டைப் பயன்படுத்தும் பன்னிரண்டு சாதாரண நிரல்கள். கார்டைத் துண்டுபோடவும் வேண்டாம், உரிமம் வாங்கவும் வேண்டாம். இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நடப்பதால் முழு வேகம் கிடைக்காது. கடலடித் தரையைத் திருப்பிப் பார்க்கும் வேலைக்கு முழு வேகம் தேவையும் இல்லை.

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட்டில் ஒரு மெய்நிகர் கணினியின் வரையறையைத் திறந்து, வீடியோ மாதிரியை விர்ட்டியோ என மாற்றி, முப்பரிமாண முடுக்கத்தை இயக்கி, மெய்நிகர் கணினியின் திரையைப் பார்வையாளர் நிரலுக்குக் காட்டும் ஸ்பைஸில் ஜிஎல் வசதியையும் இயக்கினோம். சர்வருடன் நேரடியாக இணைந்த திரையில் விர்ட்-மேனேஜர் என்னும் மேலாண்மை நிரலைத் திறந்து பார்த்தபோது கடல் தடையின்றித் திரும்பியது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவின் வரியில் எல்எல்விஎம்பைப் மறைந்து விர்ஜிஎல் வந்திருந்தது. கார்டின் உழைப்பைக் காட்டும் ரேடியான்டாப் கருவியும், தரையைத் திருப்பும்போதெல்லாம் அளவு ஏறுவதைக் காட்டியது. இந்த இரண்டாவது சான்று இல்லாமல் முடுக்கம் வேலை செய்கிறது என்று யாரும் அறிவிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுழலும் பல்சக்கரங்களைக் காட்டும் பழைய சோதனை நிரலின் எண்ணிக்கையை இதற்கு அளவாகக் கொள்பவர்கள் இன்றும் உள்ளனர். 60 ஹெர்ட்ஸ் திரையின் புதுப்பிப்பு வேகத்துடன் ஒத்தியங்கும்போது அது நொடிக்கு 60 படங்களைத் தாண்டாது, ஆகவே அந்த எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

ஒரே கணினியில் இரண்டு திரைகள்

அதே மெய்நிகர் கணினியில் மாணவர் தமது இருக்கையிலிருந்து நுழைந்தபோது கடல் பழையபடியே நின்று நின்று வந்தது. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ மறுபடியும் எல்எல்விஎம்பைப் என்றது. கணினி ஒன்று, இயக்கி ஒன்று, நேரமும் ஏறத்தாழ ஒன்று; விடை மட்டும் இரண்டு. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்த இடம்தான், ஏனெனில் மெய்நிகர் மேசைத்தளங்களில் முடுக்கம் வேலை செய்யவில்லை என்று கைவிடுகிற பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் தங்கள் மேசைத்தளத்தை அடைந்தது எக்ஸ்ஆர்டிபி என்னும் தொலைமேசைச் சேவை வழியாக. மெய்நிகர் கணினிக்குள்ளேயே ஓடும் இந்தச் சேவை, உள்ளே வருகிறவருக்கு திரையை ஆளும் நிரலான எக்ஸ் சர்வர் ஒன்றைப் புதிதாகத் தொடங்கிக் கொடுக்கிறது. அந்த எக்ஸ் சர்வருக்கு விர்ட்டியோ ஜிபியுவோடு எந்த உறவும் இல்லை. நினைவகத்தில் ஒரு பரப்பை எடுத்துக்கொண்டு, அதில் வரைந்து, வரைந்ததைச் சுருக்கி வலை வழியே அனுப்புகிறது. விர்ட்டியோ ஜிபியு இணைந்திருப்பதோ மெய்நிகர் கணினியின் கன்சோல் திரையோடு; அதாவது ஒரு மானிட்டரைச் செருகினால் எது தெரியுமோ அந்தத் திரையோடு. முடுக்கத்தைக் கன்சோலுக்குக் கொடுத்துவிட்டு மாணவர்களை வேறொரு திரையில் உட்கார வைத்திருந்தது இந்த ஏற்பாடு. கணினிக்குள் விஎன்சி சேவையைத் தனியாக ஓடவிட்டு நுழைகிறவர்களுக்கும் இதே கதிதான்.

இதைத் தீர்க்க இரண்டு திசைகள் இருந்தன. உள்ளே தனித்திரையை வைத்துக்கொண்டே முடுக்கத்தை அதற்குத் திருப்பிவிடுவது ஒன்று. எக்ஸ்ஆர்டிபியின் திரைப்பகுதியை, கார்டு வழியே வரையும் கிளாமர் வசதியுடன் கட்டி நிறுவினால் அது இயலும். 2021-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஈஜிஎல் (எக்ஸ் திரை இல்லாமலே கார்டை அணுக உதவும் இடைமுகம்) சாதனங்களை நேரடியாகப் பயன்படுத்தும் விர்ச்சுவல்ஜிஎல் மூலமும் இயலும். பல பயனர்கள் ஒரே மெய்நிகர் கணினியில் தனித்தனியே நுழையும் இடங்களுக்கு விர்ச்சுவல்ஜிஎல்லையே நான் பரிந்துரைப்பேன். இங்கே இருக்கைக்கு ஒரு மெய்நிகர் கணினி என்று ஏற்கெனவே பிரித்திருந்ததால், மாணவர்களைக் கன்சோல் திரைக்கே அழைத்துவருவது எளிதாக இருந்தது. பன்னிரண்டு கணினிகளுக்குள்ளும் போய்த் தனியாகக் கட்டிய தொகுப்புகளைப் பராமரிக்கும் சுமையும் தவிர்ந்தது.

கன்சோல் வழிக்கு மாறியபோது ஒரு நடைமுறைச் சிக்கலும் உடன் வந்தது. எக்ஸ்ஆர்டிபி ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் கேட்டு அவரவர் அமர்வைத் தரும். கன்சோலில் பார்வையாளர் நிரலை ஒருவர் மூடிவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் திறக்கும்போது முந்தையவரின் திரை அப்படியே நிற்கும். காலைக் குழுவும் மாலைக் குழுவும் ஒரே இருக்கையைப் பகிரும் கூடத்தில் அது சரியல்ல. சிறிது நேரம் கை படாவிட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படியும், பூட்டிய திரையிலிருந்தே வேறு பயனர் நுழையும்படியும் அமைத்தோம். ஸ்பைஸ் இணைப்புக்குக் கடவுச்சொல்லும் டிஎல்எஸ் குறியாக்கமும் கட்டாயமாக்கப்பட்டன.

வலையைத் தாண்டிய திரை

சர்வரோடு இணைந்த திரையில் கடல் தடையின்றித் திரும்பியதற்கு, ஜிஎல் வசதி இயங்கும் ஸ்பைஸ் திரை, வரைந்த பரப்பை நகலெடுக்காமல் கார்டின் நினைவகத்தில் இருந்தபடியே பார்வையாளர் நிரலிடம் கைமாற்றுவதே காரணம். அந்தக் கைமாற்றம் ஒரே இயந்திரத்துக்குள் மட்டும் நடக்கக்கூடியது. டெபியன் 12-இல் வரும் க்யூஎமு 7.2-இல், ஜிஎல் வசதியுடன் கூடிய ஸ்பைஸ் திரையை வலையைத் தாண்டிப் பார்க்க வழியில்லை.

வலையைத் தாண்டுவதற்காகவே இருப்பது ஈஜிஎல்-ஹெட்லெஸ் என்னும் திரை வகை. லிப்வர்ட் வரையறையில் ஸ்பைஸின் ஜிஎல் வசதியை அணைத்து, அதற்குப் பக்கத்தில் ஈஜிஎல்-ஹெட்லெஸ் வகைத் திரை ஒன்றைச் சேர்த்து, எந்த ரெண்டர் கணுவைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அதில் எழுதினோம். இப்போது வரைதல் கார்டில் நடக்கிறது. வரைந்து முடிந்த படம் கார்டிலிருந்து சர்வரின் நினைவகத்துக்குத் திரும்பப் படிக்கப்படுகிறது. அங்கிருந்து ஸ்பைஸ் அதைச் சுருக்கி வலையில் அனுப்புகிறது. திரும்பப் படிப்பதற்குச் செயலி நேரம் செலவாகும் என்றாலும், எல்எல்விஎம்பைப் தின்ற நேரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது.

சுருக்கத்தின் அவசியத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1920-க்கு 1080 என்ற திரையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்றால், ஒரு முழுப் படம் 82,94,400 பைட். நொடிக்கு 30 படங்கள் மாறினால் ஓர் இருக்கைக்கே ஏறத்தாழ 249 எம்பி. கிகாபிட் வலை ஒன்றின் முழுக் கொள்ளளவே நொடிக்கு 125 எம்பிதான். ஆகவே முடுக்கம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், சுருக்காமல் ஒரே ஓர் இருக்கைக்குக்கூடப் படத்தைக் கொண்டுசேர்க்க முடியாது. ஸ்பைஸில் படச் சுருக்கத்தைத் தானியங்கி முறையிலும், அசையும் பகுதிகளை வீடியோவாக அனுப்பும் வசதியை வடிகட்டும் முறையிலும் வைத்தோம். தரையைத் திருப்பும்போது சம ஆழக் கோடுகள் சற்றே மங்கும். கையை எடுத்ததும் கூர்மையாகிவிடும். பயிற்சியாளர் இதை ஏற்றுக்கொண்டார். ஆழ எண்களைப் படிப்பது காட்சி நின்ற பிறகுதான் என்பதால் பாடத்துக்கு இதனால் பாதகமில்லை.

பச்சை படிந்த முனைகள்

ஈஜிஎல்-ஹெட்லெஸ் அமைப்புக்கு மாறிய பிறகு பெரும்பாலான இருக்கைகளில் காட்சி சீராக ஓடியது. கடற்பக்கச் சன்னலை ஒட்டிய இருக்கைகளில் மட்டும் திக்கியது. மெய்நிகர் கணினிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இருக்கைகளை மாற்றி மாற்றி நுழைந்து பார்த்தபோது, திக்கல் இருக்கையோடு நின்றதே தவிர மெய்நிகர் கணினியோடு நகரவில்லை.

அந்தப் பெட்டிகளில் ஈத்டூல் கட்டளை, வலை இணைப்பின் வேகத்தை 1000-க்குப் பதிலாக 100 என்று காட்டியது. சுவரில் இருந்த ஆர்ஜே45 செருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். எட்டுத் தொடுமுனைகளில் முதல் மூன்றும் ஆறாவதும் இன்னும் மஞ்சளாகப் பளிச்சிட்டன. நான்காவதிலும் ஐந்தாவதிலும் தங்கப்பூச்சு போய், அடியில் இருந்த செம்பின் மேல் வெளிர்பச்சைப் பூஞ்சை போல உப்புப்படலம் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கிகாபிட் ஈதர்நெட்டுக்கு நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய முனைகளில் வரும் இரண்டு இணைகளே போதும். நடு முனைகள் அரிக்கப்பட்டால் இணைப்பு அறுந்துபோவதில்லை, ஓசைப்படாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிக்கொள்கிறது. மின்னஞ்சலும் உலாவியும் வழக்கம்போல ஓடுவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. நொடிக்கு 12.5 எம்பி என்ற அளவுக்குள் முழுத்திரை அசைவை அனுப்பும்போதுதான் அது வெளியே தெரிகிறது.

பூச்சு தடிமனான செருகிகளை வாங்கி மாற்றியதோடு, சுவர்ப்பெட்டிகளைச் சன்னலுக்கு எதிர்ச்சுவருக்கு நகர்த்தச் சொன்னோம். கரையோரத்தில் இத்தகைய கூடம் நடத்துபவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வது இது: ஒவ்வொரு பெட்டியும் தொடங்கும்போதே தன் இணைப்பு வேகத்தை ஒரு பதிவேட்டில் எழுதிவிடட்டும். கச்சான் காலம் முடிந்ததும் அந்தப் பதிவைப் பார்த்தால், எந்த இருக்கை இறங்கியிருக்கிறது என்பது யாரும் முறையிடும் முன்பே தெரிந்துவிடும்.

மின்தடை வந்தபோது

இந்த விளைவை முடுக்கம் பற்றிய கையேடுகளில் தேடினால் எளிதில் அகப்படாது. எங்கள் பகுதிக்கோ இது மிகவும் பொருட்டானது. முடுக்கம் இல்லாத காலத்தில், மின்தடை நீண்டு யுபிஎஸ்ஸின் மின்கலம் இறங்கும்போது, லிப்வர்ட்டின் கெஸ்ட்ஸ் சேவை எல்லா மெய்நிகர் கணினிகளின் நினைவகத்தையும் வட்டில் எழுதி வைத்துவிட்டு சர்வரை அணைக்கும். மின்சாரம் திரும்பியதும் மாணவர் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். கூடத்தில் எல்லோருக்கும் பிடித்த வசதி அது.

விர்ஜிஎல் இயங்கும் மெய்நிகர் கணினியை அப்படிச் சேமிக்க முடியாது. க்யூஎமுவின் கணக்கில், நினைவகத்தை வட்டில் எழுதுவதும் ஓர் இயந்திரத்திலிருந்து இன்னோர் இயந்திரத்துக்கு இடம்பெயர்ப்பதும் ஒரே வேலைதான். மெய்நிகர் கணினியின் வரைகலை நிலையில் ஒரு பகுதி உண்மையான கார்டுக்குள்ளும் சர்வரின் இயக்கிக்குள்ளும் இருப்பதால், அதைப் பிடுங்கி எழுத வழியில்லை. விர்ஜிஎல்லை இன்னும் இடம்பெயர்க்க இயலாது என்ற பிழைச் செய்தியோடு க்யூஎமு மறுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் நினைவகத்தோடு சேர்த்து எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் இதுவே தடை. பழைய அமைப்பை அப்படியே விட்டிருந்தால், மின்கலம் தீரும் வேளையில் சேமிப்பு மறுக்கப்பட்டு, பன்னிரண்டு கணினிகளும் ஓட்டத்திலேயே அறுந்திருக்கும்.

அதனால் கெஸ்ட்ஸ் சேவையில் உறங்கவைக்கும் தேர்வை நீக்கி, ஒழுங்காக அணைக்கும் தேர்வை வைத்தோம். கணினிகளை ஒவ்வொன்றாக அணைக்காமல் பலவற்றைச் சேர்ந்தாற்போல் அணைக்கும் எண்ணிக்கையையும் குறித்தோம். யுபிஎஸ் அணைக்கச் சொல்லும் எல்லையை, பன்னிரண்டும் அணைந்து முடியும் நேரத்தைக் கையில் வைத்தே நிர்ணயித்தோம். மின்கல நிலைமைக்குத் திரும்பிய உடனேயே ஒவ்வொரு திரையிலும் வேலையைச் சேமிக்கச் சொல்லும் அறிவிப்பு வருகிறது. க்யூஜிஐஎஸ் செயல்திட்டங்கள் சர்வரின் பொதுக் கோப்புறையில் இருப்பதால் அவை தனியே காக்கப்படுகின்றன. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை இழந்தது உண்மையான இழப்பு. வாடைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் அதன் மதிப்பு பெரிது என்பதை அறிந்தே, கூடத்தாருடன் பேசி, அவர்களின் ஒப்புதலுடன் இந்த மாற்றத்தைச் செய்தோம்.

முடுக்கம் தொடாத வரைபடம்

முப்பரிமாணக் காட்சி சரியான பிறகு, “அப்படியே சாதா மேப்பையும் வேகமாக்கித் தாங்க” என்று கேட்டார்கள். அங்கே கார்டால் செய்யக்கூடியது ஏதும் இல்லை. க்யூஜிஐஎஸ்ஸின் முப்பரிமாணக் காட்சி ஓப்பன்ஜிஎல்லில் வரைகிறது. அதன் வழக்கமான இருபரிமாண வரைபடப் பரப்போ செயலியிலேயே வரைந்து கொள்கிறது. ரேடியான்டாப்பைப் பார்த்துக்கொண்டே வரைபடத்தை நகர்த்தினால் கார்டின் அளவு அசைவதே இல்லை.

அந்தத் தாமதத்தின் வேர் தரவில் இருந்தது. 10 மீட்டர் நுணுக்கம் கொண்ட சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை ஒட்டிச் செய்த பெரிய கோப்பு ஒன்று, தேவிபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி வரை முழுக்கரையையும் திரைக்குள் அடக்கிப் பார்க்கும்போதும், முழு நுணுக்கத்திலேயே படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஜிடால் என்னும் புவித்தரவுக் கருவியால் அந்தக் கோப்புக்குள் குறைந்த நுணுக்க அடுக்குகளைக் கட்டியதும் தாமதம் பெருமளவு போய்விட்டது. கடல்புல் படுகைகளையும் தீவுகளின் கரைக்கோடுகளையும் தனித்தனி ஷேப்கோப்புகளாக வைத்திருந்ததை ஜியோபேக்கேஜ் ஒன்றுக்குள் கொண்டுவந்து, இடவாரியாகத் தேட உதவும் அட்டவணையும் (ஸ்பேஷியல் இண்டெக்ஸ்) சேர்த்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டதால், பழைய கரைக்கோட்டையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது இங்கே அன்றாடப் பயிற்சி. அட்டவணை இல்லாமல் அந்த மாற்றம் ஒவ்வொரு முறையும் காக்கவைத்தது. எல்எல்விஎம்பைப்பிடமிருந்து விடுபட்ட செயலி நேரம் இந்த வரைதலுக்குக் கிடைக்கிறது என்ற அளவில் முடுக்கம் மறைமுகமாக உதவியிருக்கலாம். தனியாக அளக்காததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்றைய நிலை

பன்னிரண்டு இருக்கைகளும் ஈஜிஎல்-ஹெட்லெஸ் வழியில் ஓடுகின்றன. புதிய மெய்நிகர் கணினி உருவாக்கும்போது எடுக்கும் அச்சு வரையறையிலேயே விர்ட்டியோ வீடியோ, முடுக்கம், ரெண்டர் கணு ஆகிய மூன்றும் இருக்கின்றன, எக்ஸ்ஆர்டிபி நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டு குறைகள் நீடிக்கின்றன. கார்டின் 8 ஜிபி நினைவகத்தை இருக்கை வாரியாகப் பங்கிட விர்ஜிஎல்லில் வழியில்லை. கிளவுட்கம்பேர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் பெரிய புள்ளித்தொகுதி ஒன்றை ஒருவர் திறந்தால், மற்ற பதினொருவரும் அதன் எடையை உணர்கிறார்கள். அந்தப் பாடத்தை ஒரு நேரத்தில் மூன்று இருக்கைகளுக்கு மேல் நடத்துவதில்லை என்று பயிற்சியாளர் முறை வைத்திருக்கிறார். தொகுதியை மெலிதாக்கிய பிரதி ஒன்றையும் மாணவர்களுக்குத் தயாராக வைத்திருக்கிறார். மற்றொன்று, கார்டு ஒருமுறை திணறி இயக்கி அதை மீட்டமைக்க நேர்ந்தால், எல்லா இருக்கைகளின் வரைகலைச் சூழலும் ஒருசேரப் பாதிக்கப்படும். ஒரே கார்டில் எல்லோரும் நிற்கும்வரை இதற்கு முழுத் தீர்வு இல்லை. இன்னொரு கார்டு கிடைத்தால் ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனி ரெண்டர் கணுவைக் கொடுக்கலாம் என்று வரையறையில் அதற்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறோம்.

ஓப்பன்ஜிஎல்லுக்குப் பின்வந்த வரைகலை இடைமுகமான வல்கன் வசதி இந்த அமைப்பில் இல்லை. அதற்கான வீனஸ் முறை, 2024 டிசம்பரில் வெளிவந்த க்யூஎமு 9.2-இல்தான் சேர்ந்தது, டெபியன் 13-க்கு மாறினால் அது கைக்கு எட்டும். கூடத்தின் பாடங்களில் ஓப்பன்ஜிஎல்லைத் தாண்டிக் கேட்கும் மென்பொருள் இப்போது எதுவும் இல்லை என்பதால், வீனஸை இரண்டு குழுக்களுக்கு இடைப்பட்ட விடுமுறையில், முதலில் ஒரே ஒரு மெய்நிகர் கணினியில் இயக்கி, மின்தடை ஒழுங்கையும் அதில் மறுபடி சோதித்த பிறகே மற்றவற்றுக்குக் கொண்டுபோவது என்று முடிவாகியிருக்கிறது.